முளைக்காத இடம்

கணக்கு டீச்சர் பார்லரின் வேக்சிங் கட்டிலில் காலை நீட்டிவிட்டால் வாயை மூட மாட்டார். நாற்பது பிள்ளைகளை வருஷம் முழுக்க வாயை மூடச் சொல்லி அதட்டுகிறவர், தான் பேச வேண்டியதையெல்லாம் சேர்த்து வைத்திருந்து மாதத்துக்கு ஒருமுறை இந்தத் திரைச்சீலைக்குப் பின்னால் வந்து கொட்டுவார். அன்று காலையும் தலைமையாசிரியை வாங்கிய புதுக் கண்ணாடியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கதை பாதியில் இருக்கும்போதே "ஐயோ அம்மா!" என்று அலறிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்.

அவருடைய கெண்டைக்காலில் இரண்டு விரல் அகலத்துக்கு வேக்ஸ் தேன் நிறத்தில் பளபளத்தது. அதன்மேல் இன்னும் துணிப்பட்டையை வைக்கவில்லை. இழுக்கவுமில்லை. தடவியதற்கே அந்த அலறல்.

மரக்குச்சியைப் பிடித்தபடி மின்னல் ஒரு கணம் மரமாய் நின்றாள். மின்னல் என்பது பார்லருக்கு வருகிறவர்கள் வைத்த பெயர். 'ஐ' என்று ஆரம்பித்தால் 'யோ' வருவதற்குள் பட்டையை உரித்து முடித்திருப்பாள். பதினோரு வருஷத்தில் அவள் கையால் ஒருவருக்கும் சூடு பட்டதில்லை. குச்சியைப் போட்டுவிட்டு, துண்டைத் தண்ணீரில் முக்கி டீச்சரின் காலைச் சுற்றினாள்.

"முடிய எடுக்கச் சொன்னா தோலையே உரிக்கப் பாக்குறியே, மின்னல்!"

"மன்னிச்சுக்குங்க டீச்சர். சூடு பாத்துட்டுத்தான் தடவினேன்."

"எங்க பாத்த? ஐஸ்பெட்டிக்குள்ளயா?"

அடுத்த நாற்காலியில் ஒரு பெண்ணுக்குப் புருவம் திருத்திக்கொண்டிருந்த நூல்காரி, பல்லில் கடித்த நூலை விடாமலே திரைக்கு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். மேடமும் வந்துவிட்டார். பார்லர் அவருடையது. இருக்கையை விட்டு எழுந்து வருவது அபூர்வம். அவர் பார்வை நேராக வேக்ஸ் ஹீட்டருக்குப் போனது. டயல் உச்சத்தில் இருந்தது.

காலையில் புது டின்னைக் கவிழ்த்தபோது, சீக்கிரம் உருகட்டும் என்று மின்னல்தான் அப்படி வைத்தாள். அப்புறம் குறைக்க மறந்துவிட்டாள். மறப்பது பெரிய விஷயமில்லை, இந்தத் தொழிலில் எல்லோரும் மறப்பார்கள். அதற்குத்தானே மணிக்கட்டு இருக்கிறது? ஒரு சொட்டை இடது மணிக்கட்டின் மேல்பக்கம் தொட்டுப் பார்க்காமல் அவள் யார்மேலும் தடவியதே கிடையாது. கை பொறுத்தால் கால் பொறுக்கும். இன்றைக்கும் தொட்டாள். சொட்டு பட்டது நன்றாக நினைவிருக்கிறது. சுடவில்லை.

நல்லவேளை, டீச்சரின் கால் சிவந்ததோடு நின்றது. மேடம் தன் கையாலேயே களிம்பு பூசி வாசல்வரை போய் வழியனுப்பினார்.

"நூத்துக்கு நூறு வாங்கிட்டிருந்தவ. இன்னைக்கு ஒரு மார்க் போச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார் டீச்சர்.

நூல்காரி சிரித்தாள். மின்னலுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கண் டயலிலேயே இருந்தது.

பார்லருக்குப் பின்னால் ஓர் அறை. துண்டுகள், வேக்ஸ் டின்கள், சாப்பாட்டு டப்பாக்கள் எல்லாம் ஒரே அலமாரியில் இருக்கும். கதவைச் சாத்திக்கொண்டு, விளக்கடியில் இடக்கையைத் திருப்பிப் பார்த்தாள். மணிக்கட்டுக்குச் சற்று மேலே மிளகளவு கொப்புளம். உள்ளே நீர் கோத்திருந்தது. அப்படியானால் அந்தச் சொட்டு சுட்டிருக்கிறது. சுட்ட சேதி மட்டும் அவளுக்கு வந்து சேரவில்லை.

ஃப்ளாஸ்க்கிலிருந்து டீயை மூடியில் ஊற்றி, மூடியின் அடியை வலது மணிக்கட்டில் வைத்தாள். சுரீரென்றது. இடது மணிக்கட்டில் வைத்தாள். கண்ணால் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் மூடி அங்கே இருப்பது தெரிந்தது. முடி பிடுங்கும் ப்ளக்கரை எடுத்துக் கிள்ளினாள். இன்னும் அழுத்திக் கிள்ளினாள். வேறு யாருடைய கையையோ கிள்ளுவது போலிருந்தது.

கொப்புளத்தைச் சுற்றி, கைக்கடிகாரத்தின் முகப்பளவுக்குத் தோல் வெளிறியிருந்தது. அந்த வெளிறல் அவளுக்குப் பழையது. ஒரு வருஷமாவது இருக்கும். தினமும் பத்துத் தடவை சூடு வாங்குகிற இடம், கொஞ்சம் வெளுக்காமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டாள். வேக்ஸ்காரிக்கு மணிக்கட்டில் தழும்பு, நூல்காரிக்கு விரலில் வெட்டு, முடி வெட்டுகிறவளுக்குக் கட்டைவிரலில் காய்ப்பு. தொழில் போடுகிற முத்திரை. அதைப் பார்த்து உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூடப் பட்டிருக்கிறாள்.

இப்போது அதைப் பார்க்கப் பார்க்க வேறொன்று நினைவுக்கு வந்தது. மகளுக்குத் தடுப்பூசி போட ஆஸ்பத்திரிக்குப் போனபோது சுவரில் பார்த்த விளம்பரம். நடுவில் ஒரு கையின் படம். சுற்றிலும் மூன்று கேள்விகள். தோலில் வெளிறிய தேமலா? அந்த இடத்தில் உணர்ச்சி இல்லையா? அங்கே முடி வளரவில்லையா? கீழே அந்த நோயின் பெயர், கொட்டை எழுத்தில். அன்று அவள் குழந்தையின் முகத்தைத் தோளோடு அணைத்துக்கொண்டு, மறுபடி அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பாமல் தாண்டிப் போனாள். பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பது போல.

முதல் இரண்டு கேள்விக்கும் இப்போது அவளிடம் பதில் இருந்தது. மூன்றாவதற்கு இல்லை. பதினோரு வருஷமாக அந்தக் கையில் ஒரு முடியையும் அவள் வாழவிட்டதில்லை.

அது மேடம் போட்ட சட்டம். மாதத்தின் முதல் திங்களன்று கடை திறப்பதற்கு முன்னால், வேலைக்காரிகள் ஒருவர் கையை ஒருவர் வேக்ஸ் செய்துவிட வேண்டும். "நம்ம கைதான் நமக்கு போர்டு. வழுக்குற கையப் பாத்துத்தான் நாலு பேரு உள்ள வருவாங்க" என்பார். எல்லா முடியையும் எடுத்துவிட்ட கையில், தானாகவே முடி நின்றுபோன இடம் எது என்று யாரால் சொல்ல முடியும்?

கதவைத் தட்டும் சத்தம். "அக்கா, உள்ள தவமா? வெளிய ரெண்டு பேரு காத்துக்கிட்டிருக்காங்க" என்றாள் நூல்காரி.

"வர்றேன்" என்றாள். ரவிக்கைக் கை முழங்கையோடு நின்றது. ஒரு பிளாஸ்திரியை எடுத்து அந்த இடத்தின்மேல் ஒட்டிக்கொண்டாள்.

வேலை செய்துகொண்டே ஒரு முடிவுக்கு வந்தாள். யாரிடமும் காட்ட வேண்டாம். முடியை வளர விடுவோம். மூன்று வாரம் போதும். அந்த இடத்திலும் முளைத்தால் அது வெறும் சூட்டுத் தழும்பு. முளைக்காவிட்டால்... அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை. அது பயந்தவள் செய்த கணக்கு. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரே நாளில் தெரிந்துவிடும், அவளுக்கு அந்த ஒரே நாள்தான் வேண்டாமாக இருந்தது. பதினோரு வருஷமாக முடியைப் பகையாக நினைத்து வேரோடு பிடுங்கியவள், அன்றிலிருந்து ஒரு முடிக்காக வேண்டிக்கொள்ளத் தொடங்கினாள்.

மறுநாள் முழுக்கைச் சட்டையோடு வந்தாள். கையுறையும் போட்டுக்கொண்டாள். சூட்டை வலது மணிக்கட்டில் பார்க்க, குச்சியை இடக்கையால் பிடித்துத் தடுமாறினாள். மின்னலின் வேகம் போய்விட்டது என்று மற்றவர்கள் பேசிக்கொள்வதற்கு முன்பே அவளுக்கே தெரிந்தது.

"என்ன மின்னல், உறையெல்லாம் மாட்டிக்கிட்ட?" என்று கேட்டார் வாரம் தவறாமல் வருகிற பேங்க் அம்மா. "என்கிட்டேருந்து உனக்கு ஏதாவது ஒட்டிக்கும்னு பயமா?"

"சேச்சே, அப்படியெல்லாம் இல்லீங்க."

"அப்ப உன்கிட்டேருந்து எனக்கா?"

கேட்டுவிட்டு அவரே சிரித்தார். மின்னல் குனிந்து அவர் காலுக்குப் பவுடர் போட்டாள். பாதிப் பவுடர் தரையில் கொட்டியது. ஒரு நாளைக்குப் பத்துப் பேர். பத்துப் பேரின் கால், கை, கழுத்து, மேலுதடு. ஒரு வருஷம் என்றால் எத்தனை பேர்? கணக்குப் போடத் தொடங்கி, பயந்துபோய்ப் பாதியில் விட்டுவிட்டாள்.

வீட்டில் தனக்கென்று ஒரு டம்ளரைப் பிரித்து வைத்தாள். துண்டையும் பிரித்தாள். ஏழு வயசு மகள், தூக்கம் வருகிறவரை அம்மாவின் வழுவழுப்பான முழங்கையைத் தடவிக்கொண்டே படுத்திருக்கிற பழக்கமுள்ளவள். "புழுக்கமா இருக்குடா, தள்ளிப் படு" என்று அவளைச் சுவரோரம் நகர்த்தினாள். ஐந்தாவது நாள் அந்தக் கையைத் தொட்டுவிட்டு மகள் முகத்தைச் சுளித்தாள்.

"அம்மா, உன் கை குத்துது. அப்பா கை மாதிரி ஆயிடுச்சு."

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கோளாறானாலும் சரியான பொத்தானை அமுக்கினால் தீர்ந்துவிடும் என்று நம்புகிற மனுஷன். "எங்க, போட்டிக்கு வா பாப்போம்" என்று தன் கையை அவள் கைக்குப் பக்கத்தில் நீட்டினான். "ஊரு முடியெல்லாம் பிடுங்குறவ வீட்டுல காடு வளக்குறாளே! வைத்தியர் வீட்டுலதான் சீக்காளி இருப்பான்னு சும்மாவா சொன்னாங்க?"

அவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். அவன் விளையாட்டுக்குச் சொன்னது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. சொன்னால் அவன் முதலில் என்ன செய்வான்? மகளைத் தூக்கித் தன் பக்கம் வைத்துக்கொள்வான். அதில் தப்பும் இல்லை. அதுதான் சரி. அந்தச் சரியை எதிரில் நின்று பார்க்கிற தெம்பு அவளுக்கு இல்லை.

காலையில் பார்லரில் முதல் ஆளாக நுழைந்து, மூக்கில் கரும்புள்ளி எடுக்கிற பூதக்கண்ணாடி விளக்கின்கீழ்ப் பிளாஸ்திரியை உரித்துக் கையைப் பார்ப்பாள். ஆறாம் நாளே கை முழுக்கக் கரும்புள்ளிகள் எழுந்துவிட்டன. பத்தாம் நாள் அவை முடிகளாயின. வெளிறிய இடம் மட்டும் கழுவிக் கவிழ்த்த தட்டுபோல இருந்தது. பொறு, சூடு பட்ட தோல், மெதுவாகத்தான் வரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம், கை கழுவுமுன் பிளாஸ்திரியை உரித்துப் பார்த்தவள் விளக்கைக் கிட்டே இழுத்தாள். வெளிறிய இடத்தின் நடுவில் ஒரு முடி. சின்னது, கறுத்தது, லேசாக வளைந்தது. இரண்டு தடவை பார்த்தாள். இருந்தது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. வெளியே வந்து நூல்காரியின் கன்னத்தைக் கிள்ளினாள்.

"என்னக்கா, சம்பளம் கூட்டிட்டாங்களா? எனக்குச் சொல்லவே இல்ல?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லடி. சும்மா."

"சும்மா கிள்ளுற ஆளா நீங்க? மாசமா இருக்கீங்களா?"

"போடி, வாயாடி!"

சிரித்துக்கொண்டே குழாயடிக்குப் போனாள். சோப்பு போட்டுக் கழுவினாள். துடைத்துவிட்டுப் பார்த்தபோது அந்த முடி இல்லை. கழுவுதொட்டியின் வெள்ளைப் பீங்கானில் ஒட்டிக்கொண்டிருந்தது. அரை மணிக்கு முன்னால் பேங்க் அம்மாவின் கையிலிருந்து உரித்தது. பிளாஸ்திரியை உரிக்கும்போது, கையுறையின் வேக்ஸ் பிசுக்கிலிருந்து அவள் கைக்கு வந்து ஒட்டியிருக்கிறது. அவ்வளவுதான். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் அதை இழுத்துக்கொண்டு போகிறவரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

முதல் திங்கள் வந்தது. மின்னலுக்கு அது பத்தொன்பதாம் நாள். அன்று முன்கூட்டியே ஒரு சாக்கு வைத்திருந்தாள். "நாள் சரியில்ல மேடம். இன்னைக்கு இழுத்தா வலி தாங்காது." மேடமும் பெண்தானே, தலையாட்டிவிடுவார் என்று நினைத்தாள்.

"போன வாரமும் நாள் சரியில்லன்னுதான படுத்திருந்த?" என்றார் மேடம். "வாரா வாரம் வருமா உனக்கு? முழுக்கையும் உறையுமா நின்னா, வர்றவங்க இது பார்லரா ஆப்பரேஷன் தியேட்டரான்னு கேக்க மாட்டாங்களா? ஏய், நீ அவ கைய முடிச்சு விடு."

நூல்காரி அவளைப் பின்னறை முக்காலியில் உட்கார வைத்துச் சட்டைக் கையைச் சுருட்டினாள். "அம்மாடி! உள்ள புலி இருக்கா அக்கா? பாத்துக் கைய வெக்கணும் போல!" என்று சொல்லிக்கொண்டே பிளாஸ்திரியைப் பிய்த்தாள். பவுடர் தூவித் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது.

"இதென்னக்கா, நடுவுல மட்டும் வழுக்கை?"

"சூடு பட்ட தழும்பு."

"தழும்புன்னா இப்படி வட்டமாவா?"

மின்னல் அலமாரிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டின்களை எண்ணினாள். எட்டு. மறுபடி எண்ணினாள்.

"இப்ப வலிக்குதாக்கா?"

"ஆமா. மெதுவா."

மின்னல் திரும்பினாள். நூல்காரியின் இரண்டு கையும் அவள் மடியில் இருந்தன.

"நான் இன்னும் தொடவே இல்லக்கா" என்றாள் நூல்காரி மெல்ல.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நூல்காரி சட்டைக் கையை நுனிவிரலால் கீழே இழுத்துவிட்டு வெளிப்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள்: "மேடம், அக்காவுக்கு முடி இன்னும் அரிசி நீளம் வரல. இப்ப இழுத்தா நடுவுல அறுந்துடும். அடுத்த வாரம் எடுத்துடறேன்."

காட்டிக்கொடுக்கவில்லை. மின்னலுக்கு அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஆனால் நூல்காரி அதற்குள் எழுந்து குழாயடிக்குப் போய்விட்டாள். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. நின்றது. சோப்பு வழுக்கி விழுந்து எடுக்கிற சத்தம். மறுபடி தண்ணீர். ரொம்ப நேரம் விழுந்துகொண்டே இருந்தது.

செவ்வாய் பார்லருக்கு விடுமுறை. புருஷன் விடியும்போதே வேலைக்குப் போய்விட்டான். மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள் மின்னல். சோப்பு நுரையை வழித்துவிட்டுத் திருப்பி நிறுத்தி முதுகில் தண்ணீர் ஊற்றியபோது, இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே அது தெரிந்தது. நகத்தளவு. சுற்றியுள்ள தோலைவிட ஒரு மாற்று வெளுப்பு.

சொம்பைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது.

"அம்மா, குளிருது!"

ஒரு விரலை அதன்மேல் வைத்தாள். ஓட்டினாள். "தெரியுதா?"

"என்னது?" என்றாள் மகள்.

தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கிறது, பிள்ளை பல் கிட்டித்து நடுங்கிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் தெரியவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். கிள்ளிப் பார்த்தால் தெரிந்துவிடும். விரல் இரண்டையும் கொண்டு போனாள். கிள்ள முடியவில்லை. கிள்ளி, இவள் சும்மா நின்றால்?

தன் கைக்காக மூன்று வாரம் ஒளிந்து திரிந்தவள், அரை மணியில் மகளுக்கு உடுப்பு மாட்டிப் படியிறங்கினாள்.

"இன்னைக்கு ஸ்கூல் லீவாம்மா?"

"உனக்கு மட்டும் லீவு."

"ஹை!" என்று மகள் தெருவில் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டு வந்தாள். மின்னல் வழக்கம்போல அவள் கையைப் பிடிக்கப் போய், நிறுத்தி, சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியின் தோல் பிரிவு கடைசித் தாழ்வாரத்தில் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் யார் கையையும் பார்க்காமல், எதிர்ச் சுவரில் கண்ணை வைத்திருந்தார்கள். அவளும் அப்படியே உட்கார்ந்தாள். வழியெல்லாம் ஒரு திட்டம் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். பிள்ளையை மட்டும் காட்டுவது. ஒன்றுமில்லை என்றால் திரும்பிவிடுவது. தன்னுடையதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயசிருக்கும். மகளின் சட்டையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தார். விரலால் ஒரு தேய்ப்பு.

"வறண்ட தேமல். இந்த வயசுப் பிள்ளைங்களுக்குச் சகஜம். வெயில்ல ஆடுறியா நீ? களிம்பு எழுதித் தர்றேன். ரெண்டு மாசத்துல போயிடும்."

பேனா காகிதத்தில் ஓடத் தொடங்கியது. முடிந்துவிட்டது. அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே போய்விடலாம். மகள் முக்காலியிலிருந்து குதித்துக்கூட விட்டாள். ஆனால் மின்னலின் கால் நகரவில்லை. இந்த டாக்டரம்மா சொன்னது ஊரிலுள்ள எந்தப் பிள்ளைக்கும் பொருந்துகிற பதில். இந்தப் பிள்ளை யார் கையைத் தடவிக்கொண்டு தூங்குகிறாள் என்று அவருக்குத் தெரியாது. தெரியாமல் சொன்ன 'ஒன்றுமில்லை'யை வீட்டுக்கு எடுத்துப் போய் என்ன செய்வது?

"டாக்டர்" என்றாள். சட்டைக் கையைச் சுருட்டினாள். "இதையும் பாத்துட்டு அப்புறம் எழுதுங்க."

டாக்டரம்மா பேனாவை மூடினார். கையைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். ஆறிப்போன கொப்புளத்தின் வடு, சுற்றிலும் வெளிறல், அதைச் சுற்றி வேலி போட்டதுபோல் கறுத்த முடி.

"எத்தனை நாளா இருக்கு?"

"ஒரு வருஷம் இருக்கும். தொழில் தழும்புன்னு நெனச்சுட்டேன். நான் வேக்சிங் பண்றவ. இருபது நாளா முடிய எடுக்காம விட்டுப் பாத்தேன். மத்த இடத்துல வந்துடுச்சு. அங்க வரல."

"இருபது நாள் எண்ணிக்கிட்டிருந்தீங்களா?"

"ஆமா."

"சந்தேகம் வந்த அன்னைக்கே இங்க வந்திருக்கலாம்" என்றார் டாக்டரம்மா. திட்டுகிற தொனி இல்லை. ஒரு பஞ்சை எடுத்து நுனியைத் திரித்தார். "கண்ணை மூடிக்கோங்க. நான் தொடற இடத்தை இன்னொரு கை விரலால காட்டணும்."

மூடினாள். முழங்கைக்குப் பக்கத்தில் மெல்லிய வருடல். காட்டினாள். உள்ளங்கையில். காட்டினாள். அப்புறம் ஒன்றும் இல்லை. இருட்டு மட்டும். டாக்டரின் சட்டை உரசுகிற சத்தம் கேட்டது, மூச்சு கொஞ்சம் அருகில் வந்தது. இப்போது அங்கேதான் தொடுகிறார் போலிருக்கிறது என்று விரலை அந்த இடத்துக்குக் கொண்டுபோனாள்.

"ஊகிச்சுச் சொல்லாதீங்கம்மா. தெரிஞ்சா மட்டும்" என்றார் டாக்டரம்மா.

விரலை எடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு நீண்ட நேரம் அவள் கை எங்கேயும் போகவில்லை.

டாக்டரம்மா அவள் முழங்கை எலும்பைத் தடவி நரம்பை அழுத்திப் பார்த்தார், சுண்டுவிரலை விரிக்கச் சொன்னார். பிறகு அந்த நோயின் பெயரைச் சளி, காய்ச்சல் என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். தொழுநோய். ஆரம்பம்தான். விரல்களில் பலம் குறையவில்லை. ஆறு மாசம் மாத்திரை. முதல் மாத்திரையை நர்ஸ் முன்னாலேயே இன்றைக்கே விழுங்கிவிட வேண்டும். உணர்ச்சி முழுசாகத் திரும்புமா என்று சொல்ல முடியாது, நோய் நிச்சயம் போய்விடும்.

கூரை இடிந்து விழவில்லை. பக்கத்து அறையில் யாரோ இருமினார்கள். மின்னல் தலையைத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் தினமும் பத்துப் பேரத் தொடுறேன், டாக்டர்."

"தொட்டா ஒட்டுற வியாதி இல்ல இது. நாளைக்கே வேலைக்குப் போகலாம். யார்கிட்டயும் சொல்லணும்கிற கட்டாயமும் இல்ல, அது உங்க இஷ்டம். சூட்டுக்கு மட்டும் அந்தக் கைய நம்பாதீங்க." கொஞ்சம் நிறுத்தினார். "ஒரே வீட்டுல, வருஷக்கணக்கா ஒட்டிக்கிட்டு இருக்கிறவங்களை மட்டும் பாத்துடுவோம். வீட்டுல யாரெல்லாம்?"

"புருஷன். அப்புறம்..." என்றாள்.

டாக்டரம்மா தான் எழுதிய களிம்புச் சீட்டை எடுத்து ஓரமாக வைத்தார். மின்னலின் கண் அந்தச் சீட்டோடு போனது.

"வாடா செல்லம், இங்க ஏறி உக்காரு. ஒரு விளையாட்டு. கண்ணை இறுக்க மூடிக்கோ. நான் எங்க தொடறேனோ அங்க விரல வெக்கணும். சரியா?"

"ஜெயிச்சா என்ன தருவீங்க?"

"முதல்ல ஜெயி."

மகள் மூக்குச் சுருங்குகிற அளவுக்குக் கண்ணை இறுக்கினாள். பஞ்சு முழங்காலைத் தொட்டது. விரல் வந்தது. கன்னம். வந்தது. கழுத்தின் பின்பக்கம். வந்தது. ஒவ்வொரு தடவையும் மின்னல் தன்னை அறியாமல் மூச்சை விட்டு, மறுபடி இழுத்துப் பிடித்தாள். டாக்டரம்மா பின்னால் போய்ச் சட்டையைத் தூக்கினார். பஞ்சின் நுனி அந்த நகத்தளவு வெளுப்பின்மேல் இறங்கியது.

விரல் வரவில்லை.

டாக்டரம்மா பொறுத்தார். மறுபடி தொட்டார். மகளின் வலது கை தோளைத் தாண்டிப் பாதி போய், அந்தரத்தில் தடுமாறி, கீழே விழுந்தது. பிறகு இடது கை இடுப்புப் பக்கமாகப் போய் எதையோ துழாவியது. அதுவும் பாதியில் நின்றது. முகம் அழுகிற மாதிரி ஆயிற்று.

மின்னல் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். எந்தக் கையால் பிடித்தாள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"இது போங்கு!" என்றாள் மகள், கண்ணைத் திறக்காமலே. "அங்க எனக்கு எட்டவே மாட்டேங்குது. கூசுது, எட்ட மாட்டேங்குது!"

டாக்டரம்மா கையிலிருந்த பஞ்சைக் கீழே விட்டுவிட்டுச் சிரித்தார். "எட்டாட்டிப் பரவாயில்லடா. கூசுதுன்னு சொன்னியே, அது போதும் எனக்கு. வெறும் தேமல்தாம்மா. களிம்பு போடுங்க. ஆறு மாசத்துக்கு ஒருக்க கூட்டிட்டு வந்து காட்டுங்க."

மின்னல் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. மூன்று வாரத்தில் முதல்முறையாகத் தயங்காமல் மகளின் உச்சந்தலையில் கையை வைத்தாள். வைத்த கையை எடுக்காமலே சொன்னாள்:

"டாக்டர், இன்னும் ஒரே ஒரு தடவ பாத்துடுங்க."

"தெளிவாச் சொல்லிட்டாளேம்மா."

"இன்னும் ஒரே ஒரு தடவ."

டாக்டரம்மா அவள் முகத்தைப் பார்த்தார். மறுபேச்சுப் பேசாமல் புதுசாக ஒரு பஞ்சை எடுத்துத் திரித்தார். மகள் சலித்துக்கொண்டு மறுபடி கண்ணை மூடினாள். ஆனால் இந்தத் தடவை ஏமாறத் தயாராக இல்லை. இடது கையை இப்போதே முதுகுக்குப் பின்னால் முடிந்தமட்டும் வளைத்து மேலே தூக்கி, விரலை நீட்டித் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.